பிரிண்ட்எஃப் எழுதியது எங்கே நிற்கிறது?

என் அக்கா மகன் இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கிறான். போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, இந்த ப்ரோக்ராம் கேள்வியே கேக்க மாட்டேங்குது. ஆனா கண்ண மூடிக்கிட்டு பதில் அடிச்சா, கேள்வியும் விடையும் ஒண்ணா வந்து விழுது" என்றான்.

இரண்டு எண்களைக் கூட்டும் சாதாரண சி ப்ரோக்ராம். விண்டோஸ், ப்ரோக்ராம் எழுதி ஓட்டும் எக்லிப்ஸ் மென்பொருள், மின்ஜிடபிள்யூ கம்பைலர். ரன் கொடுத்தால் கீழே கன்சோல் பகுதி காலியாகவே கிடக்கிறது. 5 அடித்து என்டர், 7 அடித்து என்டர். உடனே "முதல் எண்: இரண்டாம் எண்: கூட்டுத்தொகை 12" என்று எல்லாம் ஒரே வரியில் கொட்டியது. எக்லிப்ஸை அழித்துத் திரும்பப் போட்டிருக்கிறான், கம்பைலரை மாற்றியிருக்கிறான், ஆன்டிவைரஸைக்கூட நிறுத்திப் பார்த்திருக்கிறான்.

நான் அதே எக்ஸி கோப்பைக் கமாண்ட் ப்ராம்ப்ட் கருப்புத் திரையில் ஓட்டிக் காட்டினேன். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டது, சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னது. ஒரு பைட்டுகூட மாறாத அதே கோப்பு, இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. அப்படியென்றால் கூட்டல் எழுதியவன்மேல் தப்பு இல்லை. ப்ரோக்ராமுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று, வெளியே யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப நடக்கிறது.

அப்படி எட்டிப் பார்ப்பது சி மொழியோடு வரும் உள்ளீட்டு வெளியீட்டு நூலகம். அதில் எழுத்தை வெளியிடும் ஃபங்ஷன்தான் பிரிண்ட்எஃப். பெயரைப் பார்த்தால் அது நேராகத் திரையில் எழுதுவதுபோல் தோன்றும். உண்மையில் அது எழுதுவது நம் ப்ரோக்ராமின் நினைவகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன இடத்தில். அதைத்தான் பஃபர் என்கிறோம். அங்கிருந்து ரைட் என்ற சிஸ்டம் கால், அதாவது கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு, வழியாக எழுத்துகள் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் போகும். கெர்னல் அவற்றை டெர்மினலுக்கோ (கமாண்ட் அடிக்கும் திரை), பைப்புக்கோ (இன்னொரு ப்ரோக்ராமுக்குப் போகும் குழாய்), கோப்புக்கோ கொடுக்கும். டெர்மினலாக இருந்தால், ஜன்னலை வரையும் ப்ரோக்ராம் கடைசியாக எடுத்துக் காட்டும். வழியில் இத்தனை நிறுத்தங்கள் இருந்தாலும், தாமதம் என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பஃபரைத்தான். பெரும்பாலும் எழுத்து இன்னும் வீட்டு வாசலையே தாண்டியிருக்காது.

பஃபர் எப்போது கிளம்பும் என்பதற்கு மூன்று விதிகள் உண்டு. முழு பஃபர் என்பது ஷேர் ஆட்டோ மாதிரி. இடம் நிரம்பினால்தான் வண்டி நகரும். வரி பஃபர் என்றால் வரி முடிவைக் குறிக்கும் நியூலைன் எழுத்து வந்ததும் கிளம்பும், வராவிட்டாலும் இடம் நிரம்பினால் கிளம்பும். பஃபரே இல்லாத மூன்றாவது வகையில் ஒவ்வொருவரும் தனி ஆட்டோ பிடித்துப் போவார்கள்.

எந்த விதி யாருக்கு என்பதில் சி மொழியின் தர வரையறை வேண்டுமென்றே கொஞ்சம் பிடி கொடுக்காமல் பேசுகிறது. ப்ரோக்ராமின் வழக்கமான வெளியீடு போகும் எஸ்டிடிஅவுட்டின் மறுமுனையில் ஊடாடும் சாதனம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே முழு பஃபர் வைக்கலாம். பிழைச் செய்திகள் போகும் எஸ்டிடிஎரருக்கு முழு பஃபர் எப்போதுமே கூடாது. மற்றதெல்லாம் நூலகம் எழுதுபவர் விருப்பம். லினக்ஸில் பரவலாக இருக்கும் ஜிலிப்சி நூலகம், முதல்முறை எஸ்டிடிஅவுட்டில் எழுதப் போகும் நேரத்தில், மறுமுனையில் இருப்பது டெர்மினலா என்று கெர்னலிடம் கேட்டுப் பார்க்கும். டெர்மினல் என்றால் வரி பஃபர். பைப், கோப்பு, சாக்கெட் என்றால் முழு பஃபர். அளவு பொதுவாக டெர்மினலுக்கு 1024 பைட்டு, பைப்புக்கு 4096 பைட்டு. இந்த முடிவு ஒரே ஒரு முறை எடுக்கப்படுகிறது, அதுவும் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு? சிஸ்டம் கால் இலவசமில்லை. ஒவ்வொரு முறையும் ப்ரோக்ராமை விட்டுக் கெர்னலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். 10 பைட்டு நீளத்தில் 10 லட்சம் வரிகள் எழுதும் ஒரு ப்ரோக்ராமை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 கோடி பைட்டு. வரிக்கு ஒரு சிஸ்டம் கால் என்றால் 10 லட்சம் தடவை போய்வர வேண்டும். 4096 பைட்டு பஃபர் இருந்தால் 2,442 தடவை போதும். இன்றைய இயந்திரத்திலேயே இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இந்த நூலகம் உருவானது 1970-களில். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய உள்ளீட்டு வெளியீட்டுத் தொகுப்பைத் திருத்தியமைத்து வந்ததுதான் சி-யின் நிலையான நூலகம். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு அதைப் பரவலாகக் கொண்டுபோனது. அந்தக் காலத்து டெலிடைப் 33 இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். எதிரே மனிதன் உட்கார்ந்திருந்தால் வரிவரியாகக் கொடு, எதிரே இன்னொரு ப்ரோக்ராமோ கோப்போ இருந்தால் மொத்தமாகக் கொடு என்பது அன்றைக்கு நல்ல புத்திசாலித்தனம். இன்றைக்கும் நல்ல புத்திசாலித்தனம்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கும்போது.

எக்லிப்ஸில் நடந்தது அதுவேதான். அந்தக் கன்சோல் பகுதி பார்க்க டெர்மினல் மாதிரி இருக்கிறது, ஆனால் டெர்மினல் இல்லை. எக்லிப்ஸ் ஒரு பைப்பைப் போட்டு, அதில் வருவதை எடுத்துத் தன் ஜன்னலில் வரைகிறது. பையனின் ப்ரோக்ராம் எட்டிப் பார்த்தது, பைப் தெரிந்தது, "எதிரே ஆள் இல்லை" என்று முடிவுகட்டி முழு பஃபருக்குப் போனது. கேள்வி நூறு பைட்டுகூட இல்லை, நாலாயிரம் எங்கே நிரம்பப் போகிறது? மெயின் முடியும்போது நூலகம் மிச்சமிருப்பதையெல்லாம் வெளியே தள்ளும் அல்லவா, அப்போதுதான் எல்லாம் சேர்ந்து கொட்டியது.

இங்கே பலரும் சொல்லும் வைத்தியம் "வரிக் கடைசியில் நியூலைன் போடு". லினக்ஸ் டெர்மினலில் இது பலிக்கும். விண்டோஸில் எக்லிப்ஸுக்குள் பலிக்காது. பைப்புக்கு முழு பஃபர் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் சி நூலகத்தில் வரி பஃபர் என்ற ஒன்றே கிடையாது. நீங்கள் வரி பஃபர் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டாலும் அது முழு பஃபரையே தரும். மின்ஜிடபிள்யூ கம்பைலரும் அந்த நூலகத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே அங்கே இருப்பது இரண்டே நிலை: நிஜக் கன்சோல் என்றால் உடனுக்குடன், மற்ற எல்லாவற்றுக்கும் நிரம்பினால்தான். நியூலைன் போட்டும் வரவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இது தெரிந்திருந்தால் ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

கிட் பாஷ், எம்சிஸ் போன்றவற்றில் வரும் மின்டிடிஒய் ஜன்னலிலும் இதே கதை. அது பார்வைக்கு அசல் டெர்மினல். ஆனால் விண்டோஸில் யூனிக்ஸ் பாணிப் போலி டெர்மினல் வெகுகாலம் இல்லாததால், அது உள்ளுக்குள் பைப்புகளை வைத்தே சமாளித்து வந்தது. விண்டோஸுக்கென்று கம்பைல் செய்த ப்ரோக்ராமுக்கு அந்தப் பைப் மட்டும்தான் தெரியும். வின்பிடிஒய் என்ற சிறு கருவியை முன்னால் போட்டு ஓட்டுவது அதற்கான பழைய வழி. விண்டோஸ் 10-இல் 2018 கடைசியில் போலி டெர்மினல் வசதி வந்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் பழைய பதிப்பை அப்டேட் செய்யாமல் வைத்திருக்கும் லேப் கணினிகளில் இந்தப் பழைய வித்தை இன்னும் நடக்கும்.

"எங்க காலத்துல டர்போ சி-ல இந்தப் பிரச்சினையெல்லாம் இல்லையே" என்று மூத்தவர்கள் சொல்வது பொய்யில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பல வருடம் கோலோச்சிய அந்த நீலத்திரையில், எஸ்டிடிஅவுட்டைத் திருப்பிவிடாத வரை அதற்குப் பஃபரே கிடையாது. எழுதியது எழுதியவுடன் தெரியும். டாஸ் திரையில் உட்கார்ந்து கற்றவர்களுக்குப் பஃபர் என்பது தேர்வில் வரும் ஒரு சொல்லாக மட்டுமே இருந்ததில் ஆச்சரியமில்லை.

லினக்ஸ் டெர்மினலில் கற்பவர்களுக்கும் இந்தக் கேள்வி பதில் குழப்பம் சீக்கிரம் வராது. வேறு காரணம். உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப் டெர்மினலிலிருந்து படிக்கப் போகும்போது, ஜிலிப்சி முதலில் வரி பஃபரில் தேங்கியிருக்கும் எஸ்டிடிஅவுட்டைத் தள்ளிவிடும். அதனால் நியூலைன் இல்லாத "முதல் எண்:" கூடச் சரியாக வந்துவிடும். தர வரையறை இதைக் கட்டாயப்படுத்தவில்லை, இப்படிச் செய்வது நல்லது என்ற அளவில்தான் சொல்கிறது. ஆனால் ஸ்கேன்எஃப் இல்லாமல் நொடிக்கு ஒரு புள்ளி வைத்து "வேலை நடக்கிறது....." என்று காட்ட முயன்று பாருங்கள். பத்து நொடி ஒன்றும் வராது, பிறகு பத்துப் புள்ளியும் ஒரே மூச்சில் வரும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே நியூலைன் இல்லை, படிப்பதற்கும் யாரும் கேட்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தொந்தரவு மட்டும்தான். நேரத்துக்கு வராதது கடைசியில் வந்தாவது சேர்கிறது. வராமலே போவது ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் பஃபரைப் பற்றி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய காரணமே அதுதான்.

முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில், இரவு முழுக்க ஓடும் ஒரு தரவு சேகரிக்கும் ப்ரோக்ராம் அடிக்கடி செத்துப்போனது. எங்கே சாகிறது என்று கண்டுபிடிக்க "ஒன்று", "இரண்டு", "மூன்று" என்று வழிநெடுகப் பிரிண்ட்எஃப் நட்டு, வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால், சுற்றுக்குச் சுற்று நிரம்பி வந்த கோப்பு கடைசிச் சுற்றில் "இரண்டு" என்று முடிந்திருந்தது. சரி, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் கோளாறு என்று அந்த முப்பது வரியை இரண்டு நாள் குடைந்தேன். அங்கே ஒரு தப்பும் இல்லை. உண்மையில் ப்ரோக்ராம் "ஏழு" வரை போய், அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறது. மூன்றிலிருந்து ஏழு வரை எழுதியதெல்லாம் பஃபரில் இருந்தபடியே ப்ரோக்ராமோடு சேர்ந்து போய்விட்டன. லாக் கோப்பு குறைவாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, அது தவறான இடத்தைக் கைகாட்டியது.

செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) வந்தால் கெர்னல் அந்த ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமை, அந்த இடத்திலேயே முடித்துவிடும். நூலகத்துக்குத் தன் பஃபரைக் காலி செய்ய அவகாசமே கிடைக்காது. கன்ட்ரோல் சி அடித்தாலும், கில் கொடுத்தாலும், அவற்றைப் பிடித்துக் கையாள நீங்கள் எதுவும் எழுதியிராவிட்டால் இதே கதிதான். ப்ரோக்ராமைப் பாதியில் நிறுத்தும் அபார்ட்டை அழைத்தால் பஃபர் காலியாகும் என்றும் நம்ப முடியாது. மெயினிலிருந்து ஒழுங்காகத் திரும்பினாலோ எக்ஸிட் அழைத்தாலோதான் மிச்சம் வெளியே வரும். முன்னால் அண்டர்ஸ்கோர் போட்ட எக்ஸிட், நூலகத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே கெர்னலிடம் போய் முடித்துக்கொள்ளும். இதில் ஓர் ஆறுதல் உண்டு: ஒருமுறை கெர்னலிடம் போய்ச் சேர்ந்துவிட்ட எழுத்து, ப்ரோக்ராம் செத்தாலும் சாகாது. மின்சாரம் போனால் காப்பாற்ற வட்டு வரை தள்ள வேண்டும், அதற்கு எஃப்சிங்க் தேவை. ஆனால் ப்ரோக்ராம் விழுவதிலிருந்து லாக்கைக் காப்பாற்றக் கெர்னலின் வாசல் வரை போனால் போதும்.

அன்றிலிருந்து பிழை தேடும் செய்திகளை நான் எஸ்டிடிஎரருக்கு மட்டுமே அனுப்புகிறேன். அதற்குக் கோப்பானாலும் பைப்பானாலும் முழு பஃபர் இல்லை. அப்புறம், எஸ்டிடிஎரரையும் எஸ்டிடிஅவுட்டையும் ஒரே கோப்புக்குத் திருப்பினால் வரிசை குலைந்திருக்கும். நடந்தது பின்னால், பிழைச் செய்தி முன்னால் என்று இருக்கும். ஒன்று காத்திருந்து போனது, இன்னொன்று காத்திராமல் போனது, அவ்வளவே. அந்த வரிசையைப் பார்த்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது.

பஃபர் நம் ப்ராசஸின் நினைவகத்தில் இருக்கிறது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி ஒன்று உண்டு. இன்டர்வியூக்களில் இதைக் கேட்கப் பிரியப்படுவார்கள். நியூலைனோடு "வணக்கம்" என்று பிரிண்ட்எஃப் செய்துவிட்டு, ப்ராசஸை இரண்டாக நகலெடுக்கும் ஃபோர்க்கை அழைக்கிறீர்கள். டெர்மினலில் ஓட்டினால் ஒரு வணக்கம். அதையே கோப்புக்குத் திருப்பினால் கோப்பில் இரண்டு வணக்கம். டெர்மினலில் நியூலைன் வந்ததுமே பஃபர் காலியாகிவிட்டது, ஃபோர்க் நகலெடுத்தபோது உள்ளே ஒன்றுமில்லை. கோப்புக்கு என்றபோது வணக்கம் பஃபரிலேயே இருந்தது. ஃபோர்க் நினைவகத்தை அப்படியே பிரதி எடுத்ததும் தாயிடம் ஒரு வணக்கம், பிள்ளையிடம் ஒரு வணக்கம். இருவரும் முடியும்போது ஆளுக்கொன்றாக எழுதிவிட்டுப் போனார்கள். ஃபோர்க்குக்கு முன்னால் எல்லாவற்றையும் ஃப்ளஷ் செய் (பஃபரைக் காலி செய்), பிள்ளை ப்ராசஸை அண்டர்ஸ்கோர் எக்ஸிட்டால் முடி என்ற பழைய அறிவுரைக்கு இதுவே காரணம்.

சர்வர் பக்கம் வேலை செய்பவர்கள் இதை வேறு வேஷத்தில் பார்த்திருப்பார்கள். டாக்கர் கன்டெய்னரில் டெர்மினல் கேட்காமல் ஓட்டினால் எஸ்டிடிஅவுட் ஒரு பைப். சிஸ்டம்டி சேவையாக ஓட்டினால் அது ஒரு சாக்கெட். இரண்டுமே டெர்மினல் இல்லை. நிமிடத்துக்கு ஒரு வரி, வரிக்கு 40 பைட்டு என்று எழுதும் சேவை 4096-ஐ நிரப்ப 100 நிமிடத்துக்கு மேல் ஆகும். சேவையைத் தொடங்கிவிட்டு லாக்கைப் பார்ப்பவர், ஒன்றே முக்கால் மணி நேரம் வரை எதுவும் வராததைக் கண்டு "சர்வீஸ் எழும்பவே இல்லை" என்று ரீஸ்டார்ட் செய்வார். ரீஸ்டார்ட் செய்யும்போது பஃபரில் இருந்ததும் போகும். திரும்ப முதலிலிருந்து.

கமாண்ட் சங்கிலியிலும் இதே தொல்லைதான். ஒரு லாக் கோப்பை டெயில் போட்டுத் தொடர்ந்து பார்த்து, அதை வரிகளைத் தேடி வடிகட்டும் ஒரு கிரெப்புக்கு அனுப்பி, அதை இன்னொரு கிரெப்புக்கு அனுப்புகிறீர்கள். ஒரு கிரெப் இருந்தபோது உடனுக்குடன் வந்தது, இரண்டாவதைச் சேர்த்ததும் நின்றுவிட்டது. கடைசி கிரெப் டெர்மினலில் எழுதுகிறது, அதனால் வரி பஃபர். நடுவில் இருப்பது பைப்பில் எழுதுகிறது, அதனால் முழு பஃபர். குனு கிரெப்பில் வரி பஃபருக்கென்று தனி விருப்பம் இருக்கிறது, அதை நடு கிரெப்புக்குக் கொடுக்க வேண்டும். இதே வேலைக்குச் செட் கமாண்டுக்கு யூ, டிசிபிடம்ப்புக்கு எல், பைத்தானுக்கு மீண்டும் யூ என்று ஒவ்வொரு கருவியும் ஆளுக்கொரு எழுத்தை வைத்திருக்கிறது. இத்தனை பேர் தனித்தனியாக இந்தச் சாவியைச் செய்து வைத்திருப்பதே பிரச்சினை எவ்வளவு பழையது என்று காட்டுகிறது.

சரி, உங்கள் ப்ரோக்ராமில் தாமதம், காரணம் பஃபர்தானா என்று எப்படி உறுதி செய்வது? ப்ரோக்ராமைத் தொடாமலே ஒரு சோதனை உண்டு. டெர்மினலில் ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு அதன் வெளியீட்டைப் பைப் போட்டு, வந்ததை அப்படியே காட்டும் கேட் கமாண்டுக்கு அனுப்பி ஒருமுறை ஓட்டுங்கள். முதல் முறை உடனே வந்து இரண்டாம் முறை தாமதித்தால் சந்தேகம் தீர்ந்தது. இரண்டு முறையும் ஒரே மாதிரி தாமதித்தால் நியூலைன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் தாமதித்தால் ப்ரோக்ராம் நிஜமாகவே மெதுவாக இருக்கலாம்.

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் 1 என்ற எண்ணுள்ள ஃபைல் டிஸ்கிரிப்டர் (அதுதான் எஸ்டிடிஅவுட்) எதைக் காட்டுகிறது என்று ப்ராக் அடைவுக்குள் பார்க்கலாம். டெர்மினலின் பெயர் இருக்கிறதா, பைப் என்று இருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது எஸ்ட்ரேஸ். அது ப்ரோக்ராம் செய்யும் சிஸ்டம் கால் ஒவ்வொன்றையும் வரிவரியாகக் காட்டும். பிரிண்ட்எஃப் இருபது முறை ஓடியிருக்கும், ஆனால் ரைட் ஒன்றுகூட இருக்காது. கடைசியில் ஒரே ரைட்டில் எல்லாம் போகும். பஃபர் என்ற சொல்லை வகுப்பில் பத்து முறை விளக்குவதைவிட இந்த ஒரு காட்சி போதும். ரைட் உடனுக்குடன் நடந்தும் திரையில் வரவில்லை என்றால், தப்பு நம் ப்ரோக்ராமில் இல்லை, அந்தப் பக்கம் படிப்பவரிடம்.

இன்னொரு கைவைத்தியம்: பல மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் லாக்கை விழுங்கி வைத்திருக்கிறது, கொல்லவும் மனமில்லை. ஜிடிபி டீபக்கரை அதனோடு இணைத்து, உள்ளிருந்தே எஃப்ஃப்ளஷ் ஃபங்ஷனைப் பூஜ்ஜியம் கொடுத்து அழைக்கச் சொல்லலாம். பூஜ்ஜியம் என்றால் திறந்திருக்கும் எல்லா வெளியீட்டுப் பஃபர்களும் காலியாகும். தேங்கியதெல்லாம் கோப்புக்கு வந்துவிடும், பிறகு இணைப்பைக் கழற்றிவிட்டால் ப்ராசஸ் தன்பாட்டுக்கு ஓடும்.

சரிசெய்வதைப் பொறுத்தவரை, சோர்ஸ் கையில் இருந்தால் கேள்வி கேட்கும் இடத்திலும் முன்னேற்றம் காட்டும் இடத்திலும் எஸ்டிடிஅவுட்டை எஃப்ஃப்ளஷ் செய்வதே நேர்மையான வழி. எங்கே மனிதன் காத்திருக்கிறானோ அங்கே மட்டும் தள்ளுகிறோம். ப்ரோக்ராம் முழுக்கவே உடனுக்குடன் வேண்டுமென்றால் மெயினின் முதல் வரியில் செட்விபஃப் அழைத்துப் பஃபரை நிறுத்திவிடலாம், அல்லது லினக்ஸாக இருந்தால் வரி பஃபருக்கு மாற்றலாம். எஸ்டிடிஅவுட்டில் எதையும் எழுதுவதற்கு முன்பே அதை அழைத்துவிட வேண்டும். இதற்கு நீங்களே ஒரு பஃபர் கொடுப்பதாக இருந்தால் அதை மெயினுக்குள் சாதாரண உள்ளூர் அர்ரேயாக வைக்காதீர்கள். மெயின் முடிந்த பிறகுதான் கடைசி ஃப்ளஷ் நடக்கும், அப்போது அந்த அர்ரே உயிரோடு இருக்காது.

எஃப்ஃப்ளஷ் என்றதும் பலர் கை உள்ளீடு வரும் எஸ்டிடிஇன்னை ஃப்ளஷ் செய்யப் போகும். ஸ்கேன்எஃப் விட்டுவைத்த நியூலைனைத் துடைப்பதற்காக லேப் நோட்டுகளில் அது காலங்காலமாக வருகிறது. எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கானது. உள்ளீட்டுக்கு அதைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்று சி தர வரையறை எந்த உத்தரவாதமும் தரவில்லை. ஒரு கம்பைலரில் வேலை செய்வதும் இன்னொன்றில் செய்யாததும் அதனால்தான்.

சோர்ஸ் கையில் இல்லாவிட்டால் குனு கோர்யூட்டில்ஸில் வரும் எஸ்டிடிபஃப் என்ற கமாண்டை முன்னால் போட்டு ஓட்டலாம். அது ப்ரோக்ராம் தொடங்கும்போதே ஒரு சிறு நூலகத்தை உள்ளே ஏற்றி, பஃபர் விதியை மாற்றிவைக்கும். ஆகவே சி நூலகத்தின் பஃபரைப் பயன்படுத்தாத ப்ரோக்ராமுக்கும், நூலகத்தைத் தனக்குள்ளேயே ஸ்டாட்டிக்காக இணைத்த ப்ரோக்ராமுக்கும் அது பலிக்காது. பைத்தானுக்குப் போட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. பைத்தான் 3 தன் பஃபரைத் தானே வைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ப்ரோக்ராமையே ஏமாற்ற வேண்டியதுதான். எக்ஸ்பெக்ட் தொகுப்போடு வரும் அன்பஃபர், அல்லது லினக்ஸில் இருக்கும் ஸ்கிரிப்ட் கமாண்ட், ஒரு போலி டெர்மினலை உருவாக்கி அதற்குள் ஓட்டும். எட்டிப் பார்க்கும்போது டெர்மினல் தெரியும், ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும். பக்கவிளைவாக, ஆள் இருக்கிறார் என்ற நினைப்பில் சில ப்ரோக்ராம்கள் வண்ணக் குறியீடுகளையும் சேர்த்து எழுதும். லாக்கில் கிறுக்கல் எழுத்துகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

இரண்டு ப்ரோக்ராம்கள் பைப் வழியே பேசிக்கொள்ளும்போது பஃபர் தாமதத்தை மட்டும் அல்ல, முழு முடக்கத்தையே கொண்டுவரும். இவர் கேள்வியை எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். கேள்வி இவர் பஃபரிலேயே இருக்கிறது. அவர் கேள்விக்காகக் காத்திருக்கிறார். இருவருமே உலகம் முடியும்வரை காத்திருப்பார்கள். கோட்ஃபோர்சஸ் தளத்தில் ஊடாடும் கணக்குகளைப் போட்டவர்களுக்கு "ஐடில்னஸ் லிமிட் எக்ஸீடட்" என்ற தீர்ப்பு தெரிந்திருக்கும். விடை தப்பில்லை, நேரமும் தாண்டவில்லை, ஃப்ளஷ் செய்ய மறந்துவிட்டார்கள்.

பையனுக்கு அன்றைக்கு மெயினின் முதல் வரியாக செட்விபஃப் போட்டுப் பஃபரை நிறுத்திக் காட்டினேன். எக்லிப்ஸ் கன்சோலில் "முதல் எண்:" என்று கேட்டு நின்றது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதோடு நான் நிறுத்திக்கொண்டது தப்பாகப் போயிற்று. இரண்டு வாரம் கழித்து ஃபோன் செய்தான். ஒரு கோடிக்குள் இருக்கும் பகா எண்களையெல்லாம் பிரிண்ட்எஃப் செய்து, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடும் ப்ரோக்ராமாம். நண்பனுடையது சட்டென்று முடிகிறது, தன்னுடையது முக்கிக்கொண்டே இருக்கிறது, அல்காரிதம் இரண்டும் ஒன்றுதான் என்றான்.

"முதல் வரியைப் படி" என்றேன்.

செட்விபஃபை அப்படியே படித்தான். "நீங்கதான மாமா சொன்னீங்க, எல்லா ப்ரோக்ராம்லயும் ஒட்டிக்கிட்டேன்."